உறையும் முகவரியும்

தமிழில் 'கலம்' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. சோறு ஆக்கும் பாத்திரமும் கலம். கடல் கடக்கும் மரமும் கலம். நெல் அளக்கையில் பன்னிரண்டு மரக்கால் கொண்டதும் கலம். தன்னுள் ஒன்றை ஏந்தி நிற்பதும், ஏந்தியதை உரிய இடத்தில் சேர்ப்பதும் கலத்தின் தொழில் எனலாம். இன்று மருத்துவ உலகில் புதியதொரு கலம் வழக்கிற்கு வந்திருக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத அக்கலம், புற்றுநோய்க்குரிய மருந்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டு குருதியில் மிதந்து சென்று, நோயுற்ற இடத்தில் அதனை இறக்கிவைக்க வேண்டும் என்பது அதனைப் படைத்தவர்களின் நோக்கம். 'நானோ மருந்து' என்று செய்தித்தாள்கள் எழுதுவது பெரும்பாலும் இதனையே.

'நானோ' என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் முன்னோர் கணக்கிலும் சிற்றளவுகளுக்குக் குறைவில்லை. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே இம்மி வரை இறங்கி எண்ணியவர்கள் அவர்கள். நானோமீட்டரோ ஒரு மீட்டரை 100 கோடி கூறிட்டதில் ஒரு கூறு. நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். குருதியில் ஓடும் சிவப்பணுவின் குறுக்களவு 7,000 முதல் 8,000 வரை. நாம் பேசவிருக்கும் மருந்துக் கலத்தின் அளவு 100 நானோமீட்டரை ஒட்டியது. சிவப்பணுவை ஒரு பேருந்தாகக் கொண்டால், இக்கலம் அதில் பயணம் செய்பவரின் கையிலுள்ள சிறு டிபன் டப்பா.

இத்தனை சிறிய கலம் எதற்காகத் தேவைப்பட்டது? அதனை அறியச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும். 'கீமோ' என்று நாம் சுருங்கச் சொல்லும் மருந்துச் சிகிச்சைக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. போருக்கென ஆக்கப்பட்ட நச்சு ஒன்றின் இனத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருளை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மேன், கில்மேன் என்னும் அறிஞர் இருவரின் ஆய்வின் பயனாக, 1942-ஆம் ஆண்டில் நிணநீர்ப் புற்று கண்ட நோயாளி ஒருவருக்குச் செலுத்தினர். கட்டி கரைந்தது, பின்னர் மீண்டும் வளர்ந்தது. எனினும் நச்சினால் புற்றை அடக்க இயலும் என்பது அன்று தெளிவாயிற்று.

நச்சுக்கு உற்றார் மற்றார் என்னும் வேறுபாடு கிடையாது. விரைந்து பெருகும் உயிரணு எதுவாயினும் அது தாக்கும். உடலில் விரைந்து பெருகுவன புற்றணுக்கள் மட்டுமா? மயிர்க்கால்களும், வாயின் உட்புறமும், குடலின் உட்சுவரும், குருதி ஊறும் எலும்பு மஜ்ஜையும் அவ்வாறே பெருகுவன. ஆகவேதான் கீமோ பெறுவோர்க்கு மயிர் உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, உணவு தங்குவதில்லை, வெள்ளணுக்கள் குறைகின்றன. களை பறிக்கச் சென்ற கை, பயிரையும் சேர்த்துப் பறித்துவிடுகிறது.

பயிரை விட்டுக் களையை மட்டும் பறிக்கும் மருந்து வேண்டும் என்னும் கனவு அதனினும் பழையது. செருமனி நாட்டு அறிஞர் பால் எர்லிக், சாயங்களைக் கொண்டு உயிரணுக்களை ஆராய்ந்தவர். ஒரு சாயம் சில அணுக்களில் மட்டும் ஏறிப் பிறவற்றை விட்டுவிடுவதைக் கண்டார். சாயம் ஆள் பார்த்து ஏறுமாயின் மருந்தும் அவ்வாறு ஆள் பார்த்துச் செல்லாதா என்று எண்ணினார். அத்தகைய மருந்துக்கு அவர் 'மந்திரத் தோட்டா' என்று பெயரிட்டார். நாமாயின் இராமபாணம் என்றிருப்போம். 1908-இல் நோபெல் பரிசு பெற்ற அவர், 1910-இல் மேகநோய்க்குச் சால்வர்சான் என்னும் மருந்தை உலகிற்கு அளித்தார். புற்றுநோய்க்கான பாணம் மட்டும் அவர் காலத்தில் அமையவில்லை.

புற்றுநோய் மருந்துகளுள் டாக்சோரூபிசின் என்பது பெயர் பெற்றது. இத்தாலியின் தென்கிழக்கே, காஸ்தெல் தெல் மோந்தே என்னும் பழங்கோட்டையை அடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரின் வழித்தோன்றலிடமிருந்து பிறந்தது அது. அருகிலுள்ள ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் என்றும் அழைக்கப்படுகிறது. நிறத்தில் இரத்தினச் சிவப்பு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மார்பகப் புற்று, நிணநீர்ப் புற்று எனப் பல நோய்களில் இம்மருந்து உயிர் காத்து வருகிறது. ஆயினும் இதற்கு ஒரு பெருங்குறை உண்டு. செலுத்தச் செலுத்த இதயத்தின் தசை நலிகிறது. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை என்று மருத்துவர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். நோய் மீண்டு வந்தால், முன்பு பெற்ற அளவையும் கூட்டியே கணக்குப் பார்ப்பார்கள்.

இக்கணக்கு எங்கள் வீட்டிற்கும் வந்தது. மன்னார்குடியிலிருந்து எங்களோடு தில்லிக்கு வந்துவிட்ட அத்தைக்கு 2009-இல் மார்பகப் புற்று கண்டது. அறுவையும் அந்தச் சிவப்பு மருந்தும் பெற்று நலமடைந்தார். ஆறாண்டுகள் கழிந்து, 2015-இன் இறுதியில், நோய் எலும்பிலும் நுரையீரலிலும் தலைகாட்டியது. இதயத்தைப் படமெடுத்துப் பார்த்த மருத்துவர், பழைய மருந்தையே மீண்டும் அளித்தால் இதயம் தாங்குவது ஐயம் என்றார். அதே மருந்தை லிப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழியில் அடைத்து அளிக்கும் முறை உண்டு, விலை பல மடங்கு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

செய்தி ஊருக்கு எட்டியது. மன்னார்குடியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் தொலைபேசிகள் வந்தன. "நானோ மருந்து வந்துவிட்டதாமே, கட்டியை மட்டும் தேடிப்போய் அடிக்குமாமே, பணத்தைப் பார்க்காதீர்கள்" என்பதே எல்லார் பேச்சும். அத்தைக்கு இந்தி தெரியாது. மருத்துவர் இந்தியில் சொன்னதை நாங்கள் தமிழில் அவருக்குச் சொன்னோம். "மருந்தை ஓர் உறைக்குள் போட்டு அனுப்புகிறார்கள் அத்தை" என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "கவர் போட்டாச்சு, சரி. மேல விலாசம் எழுதியிருக்காங்களாப்பா?" என்று கேட்டார்.

அரசு அலுவலகத்தின் டெஸ்பாட்ச் பிரிவில் ஆண்டுகள் பல கழித்த எங்களுக்கு அக்கேள்வி சுருக்கென்று பட்டது. உறை வேறு, முகவரி வேறு என்பதை அப்பிரிவில் இருப்பவன் நன்கு அறிவான். அரக்கு முத்திரையிட்ட கெட்டியான உறையும் முகவரி பிழைத்தால் திரும்பி வரும். முகவரி சரியாக இருந்தும் உறை கிழிந்தால் உள்ளிருப்பது வழியிலேயே சிந்தும். அத்தையின் கேள்வியை அப்படியே மருத்துவரிடம் இந்தியில் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. "இதில் முகவரி இல்லை, உறை மட்டுந்தான்" என்றார். அன்று தொடங்கிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இம்மலரின் வாசகர்களோடு இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

உறையின் வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜை அடுத்த பாப்ரகாமில் ஆய்வு செய்துவந்த அலெக் பேங்கம் என்பவர், 1960-களின் தொடக்கத்தில் லெசிதின் என்னும் கொழுப்பை நீரில் கலந்து மின்னணு நுண்ணோக்கியில் நோக்கினார். முட்டையின் மஞ்சட்கருவிலும் இருக்கின்ற கொழுப்புதான் அது. நீரில் விழுந்த கொழுப்பு தானாகவே வளைந்து, உள்ளே நீரைச் சிறைப்படுத்திய குமிழிகளாகியிருந்தது. நம் உயிரணுவைச் சூழ்ந்த சவ்வும் இத்தகைய கொழுப்பால் ஆனதே. 1970-களின் தொடக்கத்தில் கிரிகோரியாடிஸ் முதலியோர், இக்குமிழிக்குள் மருந்தை வைக்கலாமே என்று முயன்றனர்.

எண்ணியது எளிது, செய்து முடித்தல் அரிதாயிற்று. குருதியில் விட்ட குமிழிகளை அந்நியப் பொருளெனக் கண்டு கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள காவலணுக்கள் விழுங்கின. எருசலேம் நகரில் பாரென்ஹோல்ஸ், கபிசோன் என்னும் அறிஞர்கள் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய கலத்தில் இரண்டு உபாயங்கள் இருந்தன. பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் நீண்ட இழைகளைக் குமிழியின் மேற்புறத்தில் நட்டனர். அவ்விழைகள் நீரைத் தம்பால் ஈர்த்து ஒரு நீர்ப்போர்வை போல் நின்று, காவலணுக்களின் கண்ணை நெடுநேரம் மறைத்தன. குமிழியின் உள்ளே அம்மோனியம் சல்பேட் கரைசலை வைத்தனர். உட்புகுந்த டாக்சோரூபிசின் அங்கேயே படிகமாய் உறைந்து வெளியேற முடியாதாயிற்று. ஒரு குமிழிக்குள் 10,000-க்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள் அடங்கின. 1995-ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்கு இசைவளித்தது. டாக்சில் என்னும் பெயரில் வெளிவந்த அதுவே அத்துறையின் இசைவு பெற்ற முதல் நானோ மருந்து என்பர்.

முகவரி இல்லாத உறை கட்டியை எவ்வாறு அடைகிறது? 1986-இல் ஜப்பானின் குமாமோட்டோவில் மட்சுமுரா, மைதா என்னும் இருவர் ஒரு கருத்தை வெளியிட்டனர். கட்டி அவசரமாக வளர்கிறது. அதற்கென எழும் இரத்தக் குழாய்களும் அவசரக் கட்டடம் போல் இடைவெளி விட்டுக் கட்டப்படுகின்றன. அவ்விடைவெளி வழியே பெரிய துகள்கள் கட்டிக்குள் கசிகின்றன. வடிகால் செம்மையாக இன்மையால் அங்கேயே தங்குகின்றன. இதயத்தின் இரத்தக் குழாய்களிலோ அத்தகைய இடைவெளி இல்லை. 100 நானோமீட்டர் குமிழி அவற்றின் சுவரைக் கடக்க இயலாது. தனி மருந்தாகச் செலுத்தினால் சில நிமிடங்களில் குருதியை விட்டு எல்லாத் திசுக்களுக்கும் பரவிவிடும் டாக்சோரூபிசின், குமிழிக்குள் இருக்கையில் இரண்டு மூன்று நாள்கள் குருதியிலேயே சுற்றி வருகிறது.

இவ்வளவும் செய்து கிடைத்த பயன் என்ன? மருத்துவர் எங்களுக்கு எடுத்துச் சொன்னது 2004-இல் வெளியான ஆய்வொன்றின் முடிவை. பரவிய மார்பகப் புற்றுடைய 509 பெண்களில் ஒரு சாராருக்குப் பழைய மருந்தும் மறு சாராருக்குக் குமிழி மருந்தும் தரப்பட்டன. நோய் மேலும் முற்றாது நின்ற காலம் குமிழி மருந்தில் 6.9 மாதம், பழைய மருந்தில் 7.8 மாதம். ஆய்வாளர் கணக்கில் இரண்டும் ஒன்றே. நோயை அடக்குவதில் புதியது விஞ்சவில்லை. இதயப் பாதிப்போ புதியதில் மிகவும் குறைந்தது. மயிர் உதிர்ந்தோர் பழையதில் 100-க்கு 66, புதியதில் 20. அதற்கு ஈடாக, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும் துன்பம் பழையதில் 100-க்கு 2, புதியதில் 48.

"உயிர் நீளும் என்று நான் சொல்ல மாட்டேன். இதயத்தைக் காக்கலாம்" என்றார் மருத்துவர். இதனைக் கூட்டாமலும் குறைக்காமலும் அத்தையிடம் சொன்னோம். ஊரார் சொன்ன 'தேடிப்போய் அடிக்கும்' கதை இதில் இல்லை என்பதையும் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றே: "மூச்சு வாங்காம படி ஏறலாமா?" இராமகிருஷ்ணபுரத்தில் வாழும் தமிழர்க்கு அந்தப் படி எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. மலை மந்திரில் சுவாமிநாதனைக் காண ஏறும் படிகள் அவை. கார்த்திகை நட்சத்திரந்தோறும் அங்குச் செல்வது அவர் வழக்கம். பெரும்பாலும் ஏறலாம் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, தம் இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தவர் அவரே. வேண்டாமென்று நாங்கள் மறுத்தும் கேட்கவில்லை.

2016-இன் தொடக்கத்திலிருந்து நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அம்மருந்து ஏற்றப்பட்டது. அதே சிவப்பு நிறம், சற்றே மங்கல். மூன்றாம் முறைக்குப் பின் உள்ளங்கைகள் சிவந்து உரியத் தொடங்கின. சூடான டபராவை அவரால் பிடிக்க முடியவில்லை. கோலமாவை எடுத்தால் விரல் எரிந்தது. காப்பியை ஆறவைத்துக் குடிக்கக் கற்றுக்கொண்டார். வாசற்கோலம் வீட்டிலுள்ள சிறுமியின் பொறுப்பாயிற்று. மருத்துவர் அளவைக் குறைத்து இடைவெளியை நீட்டினார். இதயப் படமோ ஒவ்வொரு முறையும் மாறாது நின்றது. நோய் ஓராண்டுக்கு மேல் அடங்கியிருந்து, பின்பு தன் போக்கில் சென்றது. 2018-இல் அத்தை மறைந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புவரை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டேனும், அப்படிகளை அவர் தாமே ஏறினார். அவர் விலை கொடுத்து வாங்கியது அதைத்தான். அது அவருக்குக் கிடைத்தது.

இனி முகவரிக்கு வருவோம். முகவரி எழுத அறிவியலார் முயலாமல் இல்லை. புற்றணுக்களின் மேற்பரப்பில் சில புரதங்கள் மிகுதியாக முளைத்திருக்கும். சில மார்பகப் புற்றுகளில் காணும் ஹெர்-2 என்பது அவற்றுள் ஒன்று. அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் குமிழியின் மேல் ஒட்டிவிட்டால், கலம் உரிய வீட்டுக் கதவைத் தட்டுமன்றோ? அங்ஙனம் ஆக்கப்பட்ட குமிழி மருந்தொன்று நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. வழக்கமான சிகிச்சையை விட மேலான பயன் இல்லை என்று கண்டு 2016 டிசம்பரில் அச்சோதனையை நிறுத்திவிட்டனர்.

அதே 2016-இல் கனடாவின் டொரான்டோவில் வாரன் சான் என்பவரின் ஆய்வுக்குழு ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. முந்தைய பத்தாண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, செலுத்திய துகள்களில் எத்தனை கட்டியை அடைந்தன என்று பார்த்தனர். பெரும்பாலும் எலிகளில் நடந்த அவ்வாய்வுகளின் நடு அளவு 100-க்கு 0.7. அதாவது ஆயிரம் உறைகள் அஞ்சலில் சேர்த்தால் ஏழு உறைகள் உரிய ஊரை அடைகின்றன. எந்த டெஸ்பாட்ச் பிரிவும் இத்தகைய கணக்கை மேலதிகாரியிடம் நீட்டத் துணியாது. இவர்கள் தம் துறையின் கணக்கைத் தாமே உலகின் முன் வைத்தார்கள். அந்நேர்மைக்கு நாம் தலைவணங்க வேண்டும்.

ஏன் ஏழு மட்டும்? முகவரியைப் படிக்கக் கலம் முதலில் அந்தத் தெருவரை சென்றாக வேண்டும். வழியிலேயே கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. குருதியில் இறங்கிய உடனே அங்குள்ள புரதங்கள் கலத்தின் மேல் படிந்து, எழுதிய முகவரியை மறைத்தும் விடுகின்றன. கட்டியை அடைந்தாலும் உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. அதே குழு 2020-இல் இன்னொன்றையும் காட்டியது. எலிகளின் கட்டிக்குள் புகும் துகள்களில் 100-க்கு 97 வரை, குழாயின் இடைவெளி வழியாகக் கசிந்தவை அல்ல. குழாய்ச் சுவரின் உயிரணுக்களே அவற்றை வாங்கி உள்ளே கடத்துகின்றன. முப்பது ஆண்டுகள் நம்பிய வாசல் முதன்மை வாசலன்று என்றால், கலத்தை அமைக்கும் முறையையே மறுபடி எண்ண வேண்டுமன்றோ?

இதனால் நுண்கலங்கள் வீண் என்று முடிவுகட்டுவது பொருந்தாது. பாக்ளிடாக்சல் என்னும் மருந்து நீரில் கரையாதது. அதனைக் கரைக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கியது. குருதியிலுள்ள அல்புமின் புரதத்தோடு பிணைத்து, 130 நானோமீட்டர் துகளாக்கியபோது அந்த எண்ணெய்க்கே வேலையில்லாது போயிற்று. 2005-இல் அது வழக்கிற்கு வந்தது. 2017-இல் இசைவு பெற்ற வேறொரு குமிழி, இரண்டு மருந்துகளைத் தக்க விகிதத்தில் ஒருங்கே ஏந்திச் சென்று, சில வகைக் கொடிய இரத்தப் புற்றுடைய முதியோர்க்கு வாழ்நாளையே கூட்டியது. கல்லீரல் எப்படியும் பிடித்துக்கொள்ளும் என்பதையே வாய்ப்பாக்கி, கல்லீரலுக்கே செல்ல வேண்டிய மருந்தைக் கொழுப்புத் துகளில் வைத்து அனுப்பினர். 2018-இல் பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்கு அது மருந்தாயிற்று. 2020-இன் இறுதியில் கொரோனாவுக்கென வந்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் கொழுப்புத் துகள்களில் வைத்தே செலுத்தப்பட்டன.

முகவரி முயற்சியும் வேறொரு வழியில் பலித்திருக்கிறது. குமிழியை விட்டுவிட்டு, எதிர்ப்பொருளின் மீதே மருந்தை நேராகக் கட்டி அனுப்பினர். ஹெர்-2 புரதத்தைப் பற்றும் டிராஸ்டுசுமாப் 1998-இலேயே வந்துவிட்டது. அதன்மேல் நச்சு மருந்தைப் பிணைத்த முதல் வடிவம் 2013-இலும், மேலும் வலிய வடிவம் 2019-இலும் இசைவு பெற்றன. பின்னதில் ஓர் எதிர்ப்பொருளுக்கு எட்டு மூலக்கூறு அளவே மருந்து. குமிழி பத்தாயிரத்தைச் சுமந்தும் சாதிக்காததை இது எட்டைச் சுமந்து சாதிக்கிறது. ஆயினும் இதிலும் நுரையீரல் அழற்சி என்னும் ஆபத்து சிலருக்கு உண்டு. மருத்துவர் கண்காணிப்பின்றி அமையாது.

நம் நாட்டின் பங்கையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 2012-இல் அமெரிக்காவில் டாக்சில் மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. அப்போது அந்நாட்டு அரசு, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் பார்மா நிறுவனத்தின் லிப்போடாக்ஸ் என்னும் குமிழி மருந்தைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய இசைந்தது. மறு ஆண்டு அந்நிறுவனத்தின் மருந்து அங்கே முறைப்படி ஏற்கப்பட்டது. 2019-இல் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதலியவற்றோடு சேர்ந்து நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. நானோ என்னும் பெயர் தாங்கிய பொடிகளும் சொட்டு மருந்துகளும் விளம்பரங்களில் மலிந்துவிட்ட நாளில் அத்தகைய நெறிமுறை தேவையே. பெயரில் நானோ இருப்பதாலேயே எதுவும் புற்றுநோய்க்கு மருந்தாகிவிடாது.

ஆகவே இத்தகைய மருந்து ஒன்று நம் வீட்டு வாசலுக்கு வரும்போது சில கேள்விகளைக் கேட்டறிவது நலம். இந்த நோய்க்கு, இந்த நிலையில் இது சோதிக்கப்பட்டிருக்கிறதா? எதனோடு ஒப்பிட்டார்கள்? இதன் மேன்மை நோயை மிகுதியாக அடக்குவதிலா, உடலைக் குறைவாக வருத்துவதிலா? புதிதாக வரும் துன்பம் எது? பெறும் பயனுக்குக் கொடுக்கும் விலை ஒக்குமா? நல்ல மருத்துவர் எவரும் இவற்றுக்கு விடை சொல்லத் தயங்குவதில்லை. உடலைக் குறைவாக வருத்துவதும் பெரும்பயனே. அது வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை நோயுற்றவருக்கு உரியது. பயன் இன்னதென்று தெளிவாகச் சொல்லப்படாதபோது அவ்வுரிமை அவரிடமிருந்து பறிபோகிறது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் கூடுதலாக ஒரு பொறுப்பும் இருக்கிறது. மருத்துவர் இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ பேசுகிறார். படுக்கையில் இருக்கும் நம் பெரியவர்க்குத் தமிழன்றி வேறு தெரியாது. நடுவில் நிற்கும் மகனும் மகளும் மருமகளும் சொல்வதே அவருக்கு வேதவாக்கு. அன்பு மிகுதியால் நாம் பாதியை விழுங்கிவிடுகிறோம். நம்பிக்கை ஊட்டுவதாக எண்ணி இல்லாததைச் சேர்த்தும் விடுகிறோம். மருத்துவர் சொன்னதை முழுமையாகத் தமிழில் சொல்லுங்கள். அவர் திருப்பிக் கேட்பதையும், அது எவ்வளவு எளிய கேள்வியாகத் தோன்றினாலும், அப்படியே மருத்துவரிடம் கேளுங்கள். டொரான்டோவிலும் எருசலேமிலும் நம் நாட்டு ஆய்வுக்கூடங்களிலும் ஆயிரத்தில் ஏழை எட்டாக்கவும் பத்தாக்கவும் பலர் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வேலை அவர்களுடையது. படுக்கையருகே நின்று உள்ளதை உள்ளபடி சொல்லும் வேலை நம்முடையது.